இரண்டு மஞ்சள் நிறமிகள்: குர்குமினும் லூட்டீனும்

மஞ்சள் கிழங்குக்கு நிறம் தருவது குர்குமின். நம் விழித்திரையின் நடுவில் இருக்கும் மாக்குலாவுக்கு மஞ்சள் சாயல் தருபவை லூட்டீனும் அதன் உறவான சியாசாந்தினும். முதுமையில் நடுப்பார்வையைக் கெடுக்கும் மாக்குலா சிதைவுக்கு நல்லது என்று இவை மாத்திரைகளாக விற்கப்படுகின்றன.

இந்த நோயில் அழற்சிக்குப் பங்கு உண்டு என்பது வெறும் ஊகம் அல்ல. அழற்சியைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு புரதத்தின் மரபணு மாறுபாடு இந்நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். அழற்சியைத் தணிக்கும் வீரியத்தை மட்டும் பார்த்தால் குர்குமின்தான் முன்னே நிற்கும். ஆய்வுக்கூடத்துச் செல்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் வயிற்றில் தொடங்குகிறது. குடல் உறிஞ்சுவதே சொற்பம், அதையும் கல்லீரல் உருமாற்றி வெளியே அனுப்பிவிடும். மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமினின் அளவு 20 மடங்கு கூடுவதாக பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வர்கள் 1998இல் காட்டினார்கள். விளம்பரங்கள் விடாமல் சொல்லும் கணக்கு இது. ஆனால் பூஜ்யத்தை ஒட்டிய அளவுக்குத்தான் அந்த 20 மடங்கு. தவிர, பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். நாலைந்து மாத்திரை விழுங்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

லூட்டீனை உடல் தானாகச் செய்துகொள்வதில்லை. கீரையிலிருந்தும் முட்டை மஞ்சள் கருவிலிருந்தும் வருவதை விழித்திரையின் புரதம் ஒன்று பிடித்து வைத்துக்கொள்கிறது. கண்ணில் அதற்கென்று இடம் இருக்கிறது. அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் 4,000க்கும் அதிகமானோரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் தினம் 10 மில்லிகிராம் லூட்டீனும் 2 மில்லிகிராம் சியாசாந்தினும் கொடுத்தார்கள். இந்நோய்க்கு ஏற்கெனவே கொடுத்துவந்த வைட்டமின்-துத்தநாகக் கலவையோடு இவற்றைக் கூட்டியதால் மொத்தத்தில் தனிப்பலன் தெரியவில்லை. ஆனால் அந்தக் கலவையில் இருந்த பீட்டா கரோட்டின், புகைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது. அதன் இடத்துக்கு லூட்டீன் பொருந்தியது. அடக்கமான வெற்றிதான். இருந்தாலும் குர்குமினுக்கு இந்த அளவு சோதனைகூட இந்நோயில் வாய்க்கவில்லை.

கண்ணைப் போய்ச் சேர்ந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. விழித்திரையில் நிறைந்திருக்கும் ஒமேகா-3 கொழுப்பையும் அதே ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை.

கலவை மாத்திரையும் இடைநிலை நோயாளிகளுக்கும், ஒரு கண்ணில் மட்டும் நோய் முற்றியவர்களுக்கும்தான். ரத்தக்குழாய் கசியும் ஈர வகை என்றால் கண்ணுக்குள் போடும் ஊசிதான் மருந்து. அதற்கு வாரக்கணக்கில் தாமதிப்பதும் பார்வையைப் பறிக்கலாம்.