முதலில் எழ வேண்டியது எது?

ஒரே கோப்பைப் பல கணிப்பொறிகள் எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? கோப்பு ஓரிடத்தில் இருக்கும். படிப்பவர் வேறோர் அறையில் இருப்பார். ஆயினும் அது தம் கணிப்பொறியிலேயே இருப்பதாக அவருக்குத் தோன்றும். யூனிக்ஸ் உலகில் இவ்வசதியைப் பரவலாக்கியது கலிபோர்னியாவில் இயங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம். 1984-இல் அது உருவாக்கிய முறைக்கு 'நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்', சுருக்கமாக என்.எஃப்.எஸ்., என்று பெயர்.

மறதியே பலம்

கோப்புகளை வழங்கும் கணிப்பொறி சர்வர். கேட்டுப் பெறுவது கிளையண்ட். சர்வர் இடையில் நின்றுபோனால் என்ன ஆகும்? இதற்குப் பொறியாளர்கள் கண்ட விடை விந்தையானது. யார் எதுவரை படித்தார் என்பதைச் சர்வர் நினைவில் வைத்திருக்கவே வேண்டாம் என்றார்கள். 'இந்தக் கோப்பில், இந்த இடத்திலிருந்து, இத்தனை பைட்டுகள்' என ஒவ்வொரு வேண்டுகோளிலும் முழு விவரமும் இருக்கும். ஆகவே சர்வர் நின்று மீண்டும் எழுந்தாலும் குழப்பமில்லை. விடை வரும்வரை கிளையண்ட் அதே வேண்டுகோளைத் திரும்பத் திரும்ப அனுப்பும். வந்ததும் வேலை தொடரும்.

மறக்கக் கூடாத ஒன்று

ஆனால் சர்வரில் பல நிரல்கள் சேர்ந்து இயங்குகின்றன. அவற்றுள் 'போர்ட்மேப்' தொலைபேசி நிலையத்தின் விசாரணைப் பிரிவைப் போன்றது. அதன் எண் 111 என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற நிரல்கள் எழும்போது தத்தம் எண்ணை அதனிடம் பதிவு செய்யும். 'மவுண்ட்-டி' என்னும் நிரல் வாயிற்காவலர். 'எக்ஸ்போர்ட்ஸ்' என்னும் பட்டியலைப் பார்த்து, யாரை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்யும். 'என்.எஃப்.எஸ்.-டி' கோப்பை எடுத்துத் தரும்.

எனவே வரிசை முக்கியம். முதலில் வலையமைப்பு, அடுத்து போர்ட்மேப், பிறகே மற்றவை எழ வேண்டும். பழைய யூனிக்ஸில் 'ஆர்சி' என்னும் தொடக்கக் கட்டளைக் கோப்பு இவ்வரிசையைக் காத்தது. 1983-இல் வெளிவந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் வழியில், தொடக்கக் கோப்புகளின் பெயரிலேயே வரிசை எண்ணை எழுதினார்கள். எண் மாறினால் வரிசையும் மாறிவிடும்.

இங்கேதான் பலர் தடுமாறினார்கள். போர்ட்மேப்பை மட்டும் நிறுத்தி மீண்டும் தொடங்கினால், அதன் நினைவிலிருந்த பதிவுகள் அழிந்துவிடும். மற்ற நிரல்களோ எழும்போது ஒருமுறைதான் பதிவு செய்பவை. அவை உயிருடன் இருந்தும், 'நிரல் பதிவாகவில்லை' என்றே கிளையண்டுக்கு விடை வரும்! அவற்றையும் மீண்டும் தொடங்குவதே மருந்து.

பழுது காணும் முறை

பழுதை அடியிலிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும். சர்வர் வலையமைப்பில் பதில் தருகிறதா? 'ஆர்பிசிஇன்ஃபோ' கட்டளை எல்லா நிரல்களையும் காட்டுகிறதா? எக்ஸ்போர்ட்ஸ் பட்டியலில் கிளையண்டின் பெயர் உள்ளதா? இம்மூன்று கேள்விகளிலேயே பெரும்பாலான கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

வேறொரு சிக்கலும் உண்டு. இரு சர்வர்கள் ஒன்றன் கோப்பை மற்றது பயன்படுத்துகின்றன என்று கொள்ளுங்கள். மின்தடைக்குப் பின் இரண்டும் ஒருசேர எழுந்தால், ஒன்றுக்காக மற்றது காத்து நிற்கும். இரண்டுமே எழாமல் போகலாம். கோப்பு இணைப்பைப் பின்னணியில் முயலச் செய்து, மற்ற வேலைகளைத் தொடர விடுவதே இதற்குத் தீர்வு.

எண்ணிலிருந்து உறவுக்கு

வரிசை எண்களின் குறை பின்னர் உணரப்பட்டது. 2005-இல் வெளியான சொலாரிஸ் 10-உம், 2010-இல் லினக்ஸுக்கு வந்த சிஸ்டம்-டியும் எண்ணுக்குப் பதிலாக உறவை எழுதச் செய்தன: 'எனக்கு முன் இது எழ வேண்டும்' என்று. என்.எஃப்.எஸ்.ஸின் நான்காம் பதிப்போ போர்ட்மேப்பின் உதவியின்றி 2049 என்னும் ஒரே எண்ணில் இயங்குகிறது. ஆனால் அதில் சர்வர், யார் எதைத் திறந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்கிறது! மறதியால் கிடைத்த எளிமையைக் கொடுத்து, நினைவால் வரும் வசதியைப் பெற்றிருக்கிறோம்.

ஒரு கருவி நின்றுவிட்டால், அதை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது எதை நம்பி நிற்கிறது என்று கேளுங்கள். பழுது தானே புலப்படும்.