பாட்டில் வாழ்ந்த தத்துவம்

தமிழிலக்கிய வரலாற்றில் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளைத் தளர்ச்சிக் காலமென்று கூறுவாருளர். தலபுராணமும் சிற்றிலக்கியமும் மலிந்த காலம் அது என்பது உண்மையே. எனினும், தத்துவமும் இலக்கியமும் ஓருயிராய் வாழ்ந்த காலமும் அதுவேயாம்.

ஐரோப்பாவில் டெக்கார்ட் என்னும் மெய்யியலறிஞர் 1637ஆம் ஆண்டில், கற்றோர் மொழியாகிய இலத்தீனை விடுத்து, பிரெஞ்சு மொழியில் நூலொன்று வெளியிட்டார். தமிழகத்திலோ 13ஆம் நூற்றாண்டிலேயே மெய்கண்டார் சிவஞானபோதத்தைத் தமிழில் அருளிவிட்டார். பின்வந்தோர் முன் நின்ற வினா வேறு. பன்னிரு சூத்திரங்களில் அடங்கிய அந்நுண்பொருளைக் கல்லாதார் உள்ளத்தும் சேர்ப்பது எங்ஙனம்?

அதற்கு விடையாய் அமைந்தது இலக்கியம். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் (மறைவு 1785) கற்றோர்க்கு மாபாடியம் என்னும் பேருரை வகுத்தார். அவரே காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தையும் பாடினார். குமரகுருபரர் சித்தாந்தக் கருத்துக்களைக் கந்தர் கலிவெண்பாவில் முருகன் துதியாகப் பொதிந்து வைத்தார். தாயுமானவர் வேதாந்த சித்தாந்த சமரசத்தை எவரும் பாடத்தகும் கண்ணிகளாக்கினார்.

இவ்வுறவு மடங்களோடு நின்றுவிடவில்லை; கூத்திலும் பரவியது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், ஏட்டுச் சுவடிகளைக் கொணர்ந்திலராயினும், காமன் கூத்தை உடன் கொணர்ந்தனர். அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் மாசி மாதத்தில் அது ஆடப்படுவதை நாம் அறிவோம். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிக்கிறார்; இரதி புலம்புகிறாள்; மன்மதன் பிறர் கண்ணுக்குப் புலனாகாதவனாய் மீள்கிறான். ஆசை எரிந்து அழிவதா, உருவிழந்தும் நிலைப்பதா? தமிழகத்து இலாவணிப் பாடகர் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து இரவு முழுதும் வாதிட்டது இவ்வினாவைப் பற்றியே. கல்லாதார் அவையில் நிகழ்ந்த தத்துவ விசாரணை என்றே அதனைக் கொள்ளல் வேண்டும்.

இன்றோ நம் மாணவர்க்குச் சித்தாந்தம் பரீட்சைக்குரிய பாடம். காமன் கூத்து வெறும் பொழுதுபோக்கு. முன்னோர் ஒன்றாய்க் கண்டவற்றை நாம் இரண்டாக்கிவிட்டோம். இப்பாடல்களை முற்றும் அறிந்த முதியோர் லயன்களில் குறைந்துவருகின்றனர். அவர்பாற் சென்று, பாடலோடு அதன் பொருளையும் கேட்டெழுதி வைத்தல் மாணவர் தம் முதற்கடனாகும்.