நூறு மைலுக்கு அரை மைல் குறைவு

மின்சார பைக் என்றால் கடைத்தெருவுக்குப் போய்வரும் வண்டி என்று பலரும் நினைத்திருந்த காலம். 2009 ஜூன் 12 அன்று அயில் ஆஃப் மேன் தீவின் மலைப்பாதையில் அவற்றுக்கென்றே ஒரு பந்தயம் விட்டார்கள். அசார் ஹுசைன் தொடங்கிய அந்தப் போட்டிக்கு டிடிஎக்ஸ்ஜிபி என்று பெயர். தூரம் ஒரே ஒரு சுற்று, சுமார் 60.7 கிலோமீட்டர்.

பெட்ரோல் பைக்குகள் ஆறு சுற்று ஓடுகிற பாதையில் இவற்றுக்கு ஏன் ஒன்று? பேட்டரி அவ்வளவுதான் தாங்கும். ராம்சே ஊரைக் கடந்ததும் சுமார் 400 மீட்டர் உயரத்துக்கு ஏற்றம். அதற்கு முன்பே ஆசையாக ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டால் மலைமேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வேகத்தைவிடச் சிக்கனத்துக்கு வைத்த சோதனை என்றே சொல்வேன்.

ஜெயித்தவர் ராப் பார்பர். சராசரி மணிக்கு 87.4 மைல். அவருடைய அக்னி வண்டி, சுசுகி பைக்கின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் பொருத்தியது. தோசைக்கல் போலத் தட்டையான அந்த மோட்டாரின் மூலவடிவம் செட்ரிக் லிஞ்ச் உருவாக்கியது. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவர், வெறுங்காலோடு திரியும் ஆங்கிலேயர். மோட்டார் தயாரானதோ நம்ம குஜராத்தில்!

அதே நாளில் பாதியில் நின்றுபோன வண்டி ஒன்று உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து மைக்கேல் சிஸ் கொண்டுவந்தது. தொழிலால் கட்டடக் கலைஞரான அவர் அதோடு விடவில்லை. மறு ஆண்டு தீவே இந்தப் பந்தயத்தை 'டிடி ஜீரோ' என்று ஏற்று நடத்தியது. நூறு மைல் சராசரியைத் தொடுபவருக்கு 10,000 பவுண்டு பரிசு என்றது தீவின் அரசு. 2010-இல் சிஸ்ஸின் வண்டி 96.8 மைலில் ஜெயித்தது. 2011-இல் 99.6. வெற்றி உண்டு, பரிசு இல்லை! 2012-இல் மைக்கேல் ரட்டர் சிஸ்ஸின் வண்டியில் 104 மைலைத் தொட்டார்.

1907-இல் பிறந்த, அதே தீவின் பெட்ரோல் பைக் பந்தயமான டிடிக்கு அந்த நூறு மைல் சுற்று வாய்க்க 1957 வரை ஆனது; மின்சார பைக்குக்கு மூன்றே ஆண்டு. பாப் மெக்கின்டயர் அதைச் சாதித்தபோது டயர், சாலை, வண்டியின் சட்டகம் எல்லாமே அரை நூற்றாண்டு தேறியிருந்தன. மின்சார பைக் அவற்றை இனாமாகவே வாங்கிக்கொண்டது; ஆகவே இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் அநியாயமும் உண்டு.

அதே 2012-இல் ஜப்பானின் முகென் நிறுவனமும் களத்தில் இறங்கியிருந்தது. 2019-இல் அதே ரட்டர் முகென் வண்டியில் 121.9 மைல் ஓட்டினார். அதன்பின் டிடி ஜீரோ நடக்கவில்லை.