ஆன்போர்டும் தனி கார்டும்

1981-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் படம் காட்டும் சிப் கிடையாது. மானிட்டரில் ஓர் எழுத்து தெரிய வேண்டுமானாலும், உள்ளிருந்த ஐந்து ஸ்லாட்களில் ஒன்றில் கார்டு செருகியாக வேண்டும். எழுத்து மட்டும் காட்டும் எம்டிஏ, வண்ணமும் காட்டும் சிஜிஏ என இரண்டு கார்டுகளை அந்நிறுவனம் விற்றது. ஆக, தனி கார்டுதான் மூத்தது. 1987-ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 வரிசையின் உயர் மாடல்களில் விஜிஏ சர்க்யூட்டை போர்டிலேயே பதித்தது. மற்றவர்களின் கம்ப்யூட்டர்களில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கார்டே வழக்கம்.

நிலைமையை மாற்றியது 1999-ல் வந்த இன்டெல் 810 சிப்செட். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே அடங்கியது. தனக்கென நினைவகம் வைத்துக்கொள்ளாமல் ரேமிலிருந்தே கடன் வாங்கியது. கார்டின் செலவு மிச்சமானதால் செலரான் பிராசஸர் கொண்ட கம்ப்யூட்டர்களின் விலை இறங்கியது. கடிதம் அடிக்கவும் கணக்கு பார்க்கவும் அது போதும். முப்பரிமாண விளையாட்டுகளில்தான் திணறியது. திணறினால் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்றால், அதற்கான ஏஜிபி ஸ்லாட்டையே 810 தரவில்லை. பாவம், வாங்கியவர்களுக்கு மிஞ்சியது பிசிஐ ஸ்லாட் மட்டும். நொடிக்கு 133 எம்பி என்ற அதன் வேகத்தையும் சவுண்ட் கார்டு, மோடம் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டன. சிக்கனம் நல்லதுதான், பின்னாளில் மாற்றிக்கொள்ளும் வழியை அடைத்தது நல்லதல்ல. அடுத்த ஆண்டே வந்த 815-ல் ஆன்போர்டு கிராபிக்ஸும் இருந்தது, ஏஜிபி வசதியும் இருந்தது. கார்டைச் செருகினால் உள் கிராபிக்ஸ் ஒதுங்கிக்கொள்ளும். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்பவருக்கு இத்தகைய போர்டு உதவியானது: இன்று ஆன்போர்டு, கையில் காசு சேர்ந்ததும் கார்டு.

மாற்றும் வேலை சிறியது. ஆனால் தவறு நேர இடமுள்ள வேலை. பழைய டிரைவரை நீக்கி, மின் இணைப்பைக் கழற்றி, கேபினெட்டின் பின்பக்கத் தகட்டை எடுத்து, கார்டை இரு முனையும் சமமாக இறங்கும்படி அழுத்தி, ஸ்குரூவை முடுக்க வேண்டும். பிறகு மானிட்டர் வயரை ஆன்போர்டின் நீல நிற போர்ட்டிலிருந்து கார்டின் போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். டிஸ்ப்ளே வரவில்லை என்று கலங்கியவர்களில் பலர் இந்த வயரைப் பழைய இடத்திலேயே விட்டவர்கள். சில போர்டுகளில் எந்த கிராபிக்ஸ் முதலில் விழிக்க வேண்டும் என்பதை பயாஸில் சொல்ல வேண்டியிருந்தது. பழைய கார்டாக இருந்தால், அதன் பொன்னிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துவிட்டுச் செருகுவார்கள் மெக்கானிக்குகள். கறுப்பு போய்ப் பற்கள் மின்னும்; பல நேரம் படமும் வந்துவிடும். கடன்போன ரேம் திரும்பி வருவது கூடுதல் ஆதாயம்: 256 எம்பி ரேமில் 32 எம்பி என்பது அன்று பெரிது.

2004-ல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் ஏஜிபி மெல்ல மறைந்தது. புதிய ஸ்லாட் 75 வாட் வரை மின்சாரம் தந்தது. அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். கார்டோடு எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றும் செலவு அப்போதுதான் பலருக்கு வந்து சேர்ந்தது. 2007-ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் கண்ணாடி போன்ற ஏரோ திரை, இன்டெல் 915-ன் உள் கிராபிக்ஸில் ஓடவில்லை. விளையாட்டில் நாட்டமே இல்லாதவருக்கும் கார்டு தேவைப்பட்ட சமயம் அது.

2011-ல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்கள் வந்தபோது கிராபிக்ஸ் மதர்போர்டை விட்டு பிராசஸர் சில்லுக்குள்ளேயே குடியேறியது. கார்டுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் வடிவம் மட்டும் 2004-லிருந்து மாறவில்லை. அதனால் புதிய கார்டு பழைய போர்டில் பொருந்தும். முழு வேகம் கிடைப்பது வேறு விஷயம். 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி வேண்டும். அது இல்லாத பழைய போர்டுகளில் அவற்றின் வேகம் வெகுவாகக் குறைகிறது.