காசு கொடுத்து வாங்கிய ரேஸ் கேம் திடீரென ஓடாமல் போவது ஏன்? 'தி க்ரூ' விவகாரம் முழு விவரம்

டிஸ்க் அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் போட்டால் ஓடாது. 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேமை வாங்கியவர்களுக்கு 2024 மார்ச் 31-க்குப் பிறகு இதுதான் நிலைமை.

இதில் பாரிஸ் கேமர், தருமபுரி கேமர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. பிளேஸ்டேஷன் 5-க்கு வரும் பெரிய கேம் ஒன்றின் விலை இங்கே சுமார் 5,000 ரூபாய். மாசக் கணக்கில் சேர்த்து வைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் வாங்குவது பொருளையா, இல்லை விளையாடும் அனுமதியை மட்டுமா? மொத்த சண்டையும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

என்ன நடந்தது?

பிரான்ஸின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி க்ரூ'வை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, ஒரு கரையில் இருந்து மறு கரை வரை கார் ஓட்டலாம் என்பதுதான் இதன் ஸ்பெஷல். ஆனால் ஒரு சிக்கல். தனியாக ஓட்டினாலும் இன்டர்நெட் வேண்டும், நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பில் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 14 அன்று விற்பனை நிறுத்தப்பட்டது. அடுத்த மூன்றரை மாதத்தில் சர்வரும் அணைக்கப்பட்டது. சர்வர் கட்டமைப்பு, லைசென்ஸ் சிக்கல்கள்தான் காரணம் என்றது நிறுவனம். கடைசி நேரத்தில் வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கிடைக்க வழி இருந்தது. முன்பே வாங்கியவர்களுக்கு? போனது போனதுதான்.

கார் கேம்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி?

மற்ற கேம்களில் வரும் வாள், துப்பாக்கியைக் கற்பனையில் உருவாக்கிவிடலாம். கார் கேமில் ஃபெராரி வேண்டும் என்றால் ஃபெராரியிடம் அனுமதி வாங்க வேண்டும். பின்னணியில் ஓடும் பாட்டுக்கும் தனி ஒப்பந்தம். உதாரணத்துக்கு, கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட 'எஃப்1 2012' கேமை எடுத்துக்கொள்வோம். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அதில் எச்ஆர்டி அணிக்காக ஓட்டுவார். கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்க்யூட்டும் உண்டு. டிரைவர் பெயர், அணியின் நிறம், டிராக் என எல்லாமே அனுமதியோடு வருபவை. அந்த அனுமதிக்கெல்லாம் ஒரு கெடு தேதி இருக்கும்.

மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' இப்படித்தான் 2024 டிசம்பர் 15 அன்று விற்பனையில் இருந்து எடுக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றும் விளையாடலாம். இந்த வித்தியாசம் முக்கியம். லைசென்ஸ் முடிந்தால் புதிதாக வாங்க முடியாது, அவ்வளவுதான். சர்வரை நம்பி மட்டுமே கேமைக் கட்டியிருந்தால், வாங்கியவர் கையில் இருப்பதும் செத்துப்போகும். அதனால் லைசென்ஸ் மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

'கிரான் டூரிஸ்மோ 7' கதையும் அப்படியே. 2022 மார்ச்சில் வெளியான சில நாட்களிலேயே சர்வர் பராமரிப்பு 30 மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. அதுவரை தனியாக விளையாடுகிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய பட்ஜெட் செய்யும் வேலை

2024, 2025-ல் வெளிவரும் பெரிய கேம்களின் பட்ஜெட் 20 கோடி டாலரைத் தொடுகிறது, அதையும் தாண்டுகிறது என்று பதிப்பாளர்களே சொன்னதாக, பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு 2023-ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. இவ்வளவு பணம் போட்டால் ஒரு தடவை விற்பனை போதாது. உள்ளேயே கார் விற்க வேண்டும், அதற்கு ஆளை ஆன்லைனிலேயே வைத்திருக்க வேண்டும். கூட்டம் குறைந்தால் கணக்கு மூடப்படும்.

நிறுவனங்களுக்கும் இதே கதிதான். டர்ட், எஃப்1 கேம்களால் பெயர் வாங்கிய கோட்மாஸ்டர்ஸை 2021-ல் 120 கோடி டாலருக்கு எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 2025 ஏப்ரலில் ராலி கேம் தயாரிப்பு நிறுத்திவைக்கப்பட்டது, பலருக்கு வேலையும் போனது.

இன்னொரு பக்கம், நம்ம ஊர் பசங்க போனில் ஓட்டும் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'வைப் பாருங்கள். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் தயாரித்த இலவச கேம். இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். தமிழ்நாட்டு அரசு பஸ், தனியார் பஸ் தோற்றத்தை ரசிகர்களே மோட் செய்து ஏற்றுகிறார்கள் (இதற்கு யாரிடம் லைசென்ஸ் வாங்கினார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது). சிக்னல் விட்டு விட்டு வரும் மலைக் கிராமத்திலும் இது நின்றுபோகாது. 5,000 ரூபாய் கேமுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

எதிர்ப்பு எங்கே வரை போனது?

யூடியூபர் ராஸ் ஸ்காட் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை காலத்துக்கும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, வாங்கியவர் தானே ஓட்டிக்கொள்கிற நிலையில் கேமை விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காக 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், அனுமதியை மட்டும் விற்கும் டிஜிட்டல் கடைகள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது.

பலன் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. 'தி க்ரூ 2'வுக்கு 2025-ல் ஆஃப்லைன் வசதி வந்தது. முதல் 'தி க்ரூ'வையும் ரசிகர்களே சொந்த சர்வர் மென்பொருள் எழுதி, 'தி க்ரூ அன்லிமிடெட்' என்ற பெயரில் 2025 செப்டம்பரில் ஓட வைத்துவிட்டார்கள். ஆனால் இது நிறுவனத்தின் வேலை இல்லை, ரசிகர்களின் உழைப்பு.

இந்தியாவில் வாங்குகிறவர் என்ன செய்யலாம்?

2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பணம் கட்டி விளையாடும் கேம்களைத் தடை செய்கிறது. வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம் என்பதற்குள் அது போகவில்லை.

கையில் இருப்பது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும், புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், பெங்களூரு, சென்னை என்று அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால் 'ஒப்பந்தமே நியாயமற்றது' என்று வாதாடுவதாக இருந்தால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். முதல் கட்டமாக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

வாங்கும் முன் அட்டையின் பின்பக்கத்திலோ, கடைப் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியைத் தேடுங்கள். 'இணைய இணைப்பு கட்டாயம்' என்று இருந்தால், அது ஆன்லைன் போட்டிக்கு மட்டுமா, தனியாக ஓட்டவுமா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.