மாட்டு வைத்தியம் படிக்கப் போனவர்கள்

வெக்கை வந்த வருஷம் எங்கள் கிராமத்தில் கறவைச் சத்தமே கேட்கவில்லை என்று என் பாட்டி சொல்வாள். ஒரு வாரத்தில் தொழுவம் காலியாகிவிட்டதாம். சாமான்யத்தில் கண் கலங்காதவள், அந்தச் செவலைப் பசுவைப் பற்றிப் பேசும்போது மட்டும் முந்தானையைத் தேடுவாள்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இதே வெக்கைதான் கொட்டில் கொட்டிலாகப் புகுந்தது. அரசாங்கங்கள் கலங்கிப் போயின. குடியானவன்மீது இரக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். மாடு செத்தால் உழவு இல்லை, உழவு இல்லையென்றால் வரி ஏது?

1762-ல் பிரான்ஸில் லியோன் நகரத்தில், ஒரு பழைய சத்திரத்தில், கால்நடை வைத்தியப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. உலகத்திலேயே அதுதான் முதலாவது. திறந்தவர் வைத்தியரே அல்ல. வக்கீலுக்குப் படித்து, குதிரையேற்றம் கற்பித்துக்கொண்டிருந்த க்ளோத் பூர்ஷலா என்பவர்! மறு வருஷமே வெளி தேசத்து மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

டென்மார்க் அனுப்பிய மூவரில் ஒருவர் பீட்டர் கிறிஸ்டியன் அபில்கோர். மருந்துக் கடையில் தொழில் பழகிய இளைஞர்; வயது இருபத்திரண்டுதான். ஸ்வீடனிலிருந்து வந்த பேட்டர் ஹெர்ன்குவிஸ்ட், தாவர சாஸ்திரி லின்னேயஸின் சீடர். முப்பத்தாறு வயதுக்கு மேல், லாடம் அடிப்பவர்களின் பிள்ளைகளோடு பெஞ்சியில் உட்கார்ந்தார். உலைக்களத்தில் லாடம் அடிப்பதும் அங்கே பாடம்தான்.

அவர்கள் செய்த தியாகம் இன்று நமக்குச் சட்டென்று விளங்காது. செத்த குதிரையின் தோலை உரிப்பவனை அவர்கள் நாட்டில் தீண்டத் தகாதவனாகவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். கூடப் பந்தியில் உட்கார மாட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. நம் ஊர்க் கதைதானே! அப்படிப்பட்ட தேசத்திலிருந்து வந்தவர்கள், ஒனோரே பிராகொனார் என்ற ஆசிரியரிடம் குதிரைப் பிணத்தை அறுத்து நரம்பு நரம்பாகப் பிரிக்கக் கற்றார்கள். பிராகொனார் பிரபல ஓவியருடைய உறவினர். தோலுரித்துப் பதம் செய்த குதிரைமேல் அப்படியே பதம் செய்த மனிதனை ஏற்றி அவர் வைத்த உருவம் பாரிஸுக்கு அருகே அல்ஃபோரில் இன்றும் இருக்கிறது. படத்தில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவ்வளவு தூரம் வந்தும், வெக்கைக்கு மருந்து அந்தப் பள்ளியில் இல்லை. எங்குமே இல்லை. நோய் கண்ட மாட்டைக் கொன்று புதைப்பது, மற்றதை ஒதுக்கிக் கட்டுவது, இவ்வளவுதான் அன்றைய சிகிச்சை. மருந்து தேடிப் போனவன் கையில் கத்தியோடு திரும்பியபோது, ஊரில் என்ன பதில் சொல்லியிருப்பான்? நாவல் எழுதுகிறவனுக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை.

ஆனாலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அபில்கோர் 1773-ல் கோபன்ஹேகனில் பள்ளி தொடங்கினார். கோழிகளை மின்சாரத்தால் மூர்ச்சையாக்கி, மார்பில் மறுபடி மின்சாரம் பாய்ச்சி எழுப்பிய விந்தை மனிதரும் இவரே. ஹெர்ன்குவிஸ்ட் 1775-ல் ஸ்காரா என்ற சிற்றூரில் கற்பிக்க ஆரம்பித்தார். லியோனில் படித்த பிரெஞ்சுக்காரர் சேன்பெல், 1791-ல் லண்டன் கல்லூரிக்குத் தலைவரானார். இரண்டே வருஷத்தில் இறந்தார். குதிரைகளிடமிருந்து தொற்றிய நோய் என்கிறார்கள்.

வெக்கை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தது 2011-ல். பாட்டி அப்போது இல்லை. ஹெர்ன்குவிஸ்ட் மட்டும் 1808-ல் சாகும்வரை ஸ்காராவை விட்டு நகரவில்லை.