இளம் அரசியரும் அமைச்சர்களின் வயதும்

இளவயதில் முடிசூடிய அரசிகளைப் பற்றிய சரித்திரப் படங்களுக்கு நம் வீடுகளில் தனி மவுசு உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, நம் நாட்டு இயக்குநர் சேகர் கபூர் 1998-இல் தந்த 'எலிசபெத்'. மற்றொன்று, 2009-இல் வெளிவந்த 'தி யங் விக்டோரியா'. இரண்டையும் ரசித்தே பார்த்தேன். ஆனால் சரித்திரத்தோடு ஒப்பிட்டபோது ஒரு வேடிக்கை தென்பட்டது. இரண்டிலும் அரசி இளம்பெண்ணாகவே இருக்கிறாள். அமைச்சரின் வயதுதான் தலைகீழாக மாறியிருக்கிறது!

1558 நவம்பர் 17-ஆம் நாள் அக்காள் மேரி இறக்க, எலிசபெத் அரசியானார். வயது 25. நான்கே ஆண்டுகளுக்கு முன், 1554-இல், லண்டன் கோட்டையில் சிறை இருந்தவர். பதவிக்கு வந்த மூன்றாம் நாளே வில்லியம் செசிலைத் தம் செயலாளராக்கினார். அப்போது செசிலுக்கு வயது 38 தான். படத்திலோ எழுபதைத் தாண்டிய ரிச்சர்ட் அட்டன்பரோ அந்த வேடத்தில் வருகிறார். 'கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள்' என்று ஓயாமல் நச்சரிக்கும் கிழவரை, அரசி பர்லி பிரபு என்ற பட்டத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். உண்மையில் அந்தப் பட்டம் வந்தது 1571-இல். மறு ஆண்டே அவர் கருவூலத் தலைவரானார். 1598-இல் கண்மூடும்வரை, 40 ஆண்டுகள், அதே அரசியிடம் பணிபுரிந்தார்.

அந்தக் கூட்டு சாதித்தது என்ன? 1559-இல் சமயச் சட்டங்கள் நிறைவேறின. 1560-இல் செசிலே நேரில் எடின்பரோ சென்று ஒப்பந்தம் முடிக்க, பிரெஞ்சுப் படை ஸ்காட்லாந்தை விட்டு வெளியேறியது. தந்தை எட்டாம் ஹென்றி காலத்தில் வெள்ளி நாணயத்தில் செம்பைக் கலந்து அதன் மதிப்பையே கெடுத்திருந்தார்கள். 1560-61-இல் அந்தக் கலப்படக் காசுகளைத் திரும்பப் பெற்று நல்ல நாணயம் அச்சிட்டார்கள். கூந்தலை வெட்டி, முகத்தில் வெள்ளை பூசி, 'கன்னி அரசி'யாக அவர் வந்து நிற்கும் காட்சியில் படம் முடிகிறது. காசு விஷயத்துக்கு அதில் இடமில்லை. சினிமா என்றால் அப்படித்தானே!

விக்டோரியா கதை இதற்கு நேர்மாறு. 1837 ஜூன் 20-இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 18. பிரதமர் மெல்போர்னுக்கு 58. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்த பெண்ணுக்கு, அரசாங்கக் காகிதங்களைப் படித்து விளக்கிய ஆசிரியர் அவர். படத்தில் முப்பதுகளில் இருந்த நடிகரை அந்த வேடத்தில் போட்டு, ஆல்பர்ட்டுக்குப் போட்டியாளர் போல ஆக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு, 1840-இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆல்பர்ட் காயப்படுவதாகவும் காட்டுகிறார்கள். உண்மையில் யாருக்கும் காயமே இல்லை.

ஒரு படத்தில் அரசி பெரியவரை உதறித் தனித்து நிற்கவேண்டும். மற்றதில் காதல் சூடு பிடிக்கவேண்டும். வயதை மாற்றியது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். இதனால் ஆட்சி என்பது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் என்ற செய்தி அடிபட்டுப் போகிறது. சரியான ஆளைத் தேர்ந்தெடுப்பதும், அவர் சொல்வதைக் கேட்பதும், கேட்டபின் தானே முடிவெடுப்பதும் இளம் அரசியின் திறமைதான். எல்லோரும் வற்புறுத்தியும் எலிசபெத் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. அதற்காகச் செசிலை விலக்கவும் இல்லை.

இவர்கள் நமக்குச் சம்பந்தமில்லாதவர்களும் அல்லர். 1600 டிசம்பர் 31-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் அளித்தவர் இதே எலிசபெத். அந்தக் கம்பெனிதான் 1639-இல் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றது. விக்டோரியா 1877 முதல் 'இந்தியாவின் பேரரசி' ஆனார்.

ஆகவே இப்படங்களைப் பிள்ளைகள், முக்கியமாக நம் பெண்கள், தாராளமாகப் பார்க்கட்டும். பார்த்து முடித்ததும், 'அந்த அமைச்சருக்கு நிஜத்தில் என்ன வயசு, தேடிப் பார்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மீதிச் சரித்திரத்தை அவர்களே தேடிக்கொள்வார்கள்.